எடைக்கல் தைத்த பாவாடை

எங்கள் தெருவில் மூன்று கடைகள் ஒன்றையொன்று நம்பிப் பிழைத்தன. முனையில் பேக்கரி. அதைத் தாண்டி, உடம்பு மெலிய மூலிகைப் பொடி விற்கிற மருந்துக்கடை. அதற்கு நேர் எதிரே என் தையல்கடை. பேக்கரிக்காரம்மா ஆட்களை ஏற்றுவாள். மருந்துக்காரர் இறக்குவார். நான் நடுவில் உட்கார்ந்து ஏறியவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவேன், இறங்கியவர்களுக்குப் பிடித்துத் தைப்பேன். சிலருடைய காற்சட்டையில் துணியைவிட நூல் அதிகமாக இருக்கும். யாருக்கும் யார்மேலும் குறை கிடையாது.

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. கூட்டிச் சொல்லும் பழக்கம் தையல்காரனுக்கு ஆகாது. அரை அங்குலம் கூட்டினாலும் உடுப்பு தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மருந்துக்காரர் ஒல்லி. சாதாரண ஒல்லி இல்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றால், கடையில் ஆள் இல்லை என்று வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அதனால் வியாபார நேரத்தில் அவர் எப்போதும் தெருவை நேராகப் பார்த்தே நிற்பார். அவர் மனைவி, மருந்துக்காரம்மா, அதற்கு நேர் எதிர். அவள் மாடிப்படி ஏறினால் வீடு அதை அறிவிக்கும். முதலில் படி சொல்லும், பிறகு கதவு சொல்லும், கடைசியில் அலமாரியில் இருக்கிற கண்ணாடி ஜாடிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவள் வருவதை ஜாடிகள் சொன்ன பிறகுதான் மருந்துக்காரர் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த வீட்டு வேலையை நான் என் மெஷினிலிருந்தே பார்ப்பேன். காலையில் ஓட்டின் மேல் கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் காயும். இந்த மூன்றும் சேர்ந்தால் திரிபலா. ஆயுர்வேதக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சரக்கு. அதோடு சுக்கு, திப்பிலி, குக்குலு என்கிற மரத்துப் பிசின். சுத்தம் பண்ணி, கொட்டை நீக்கி, இடித்து, துணியில் சலிக்க வேண்டும். இடிப்பதுதான் பெரிய வேலை. கடையின் பின்கட்டில் ஒரு நீண்ட மரம், நடுவில் தாங்கு கட்டை. ஒரு முனையைக் காலால் மிதித்தால் மறுமுனையில் இருக்கிற உலக்கை மேலே எழும்பும். காலை எடுத்தால் உரலில் விழும். மிதிக்கிறவர் தடுமாறாமல் பிடித்துக்கொள்ள உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும்.

மிதிப்பது மருந்துக்காரம்மா. அவள் மிதித்தால் உலக்கை முகட்டைத் தொட்டுவிட்டு இறங்கும். தொம்… தொம்… என்று அந்தச் சத்தம் தெரு முழுக்க நடக்கும். என் மெஷின் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும். பேக்கரியில் மாவு பிசைகிறவர்கள் அதற்குத்தான் பிசைவார்கள். மத்தியான வெயிலில் பொடித்தூள் வாசலுக்கு வந்து, ஒளியில் மஞ்சளாக மிதந்துகொண்டே இருக்கும். அந்தத் தெருவில் மத்தியானம் தூங்காதவர்கள்கூடப் பாதித் தூக்கத்தில்தான் நடமாடுவார்கள்.

ஒரு நாள் பேக்கரிக்காரம்மா பொடி வாங்க வந்தாள். கடையில் ஆட்கள் நிறைய.

"ஏன் மருந்துக்காரரே, இந்தப் பொடி நெஜமாவே வேலை செய்யுமா?"

"உங்க இடுப்பக் கேளுங்க, அது சொல்லும்."

"என் இடுப்பு கெடக்கட்டும். உள்ள மிதிச்சுக்கிட்டு இருக்காங்களே ஒருத்தங்க, அவங்க இடுப்பு என்ன சொல்லுது? வீட்டுக்காரிக்கே புடிக்காத மருந்த எங்க தலையில கட்டுறீங்களா?"

கடை சிரித்தது. மருந்துக்காரரும் சிரித்துவிட்டார். அதுதான் தப்பு. பின்கட்டில் உலக்கை ஒரு தடவை எழும்பி, விழாமல் அப்படியே நின்றது. என் காலும் நின்றது. தெருவில் யாரோ தும்மியது தெளிவாகக் கேட்டது. பிறகு, தொம்.

சாயங்காலம் மருந்துக்காரர் ஒரு டம்ளர் வெந்நீரில் பொடியைக் கலக்கி மனைவி முன்னால் வைத்தார்.

"குடி."

"எனக்கு என்ன நோவு?"

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல. கடைக்கு ஒரு இது."

"எது?"

"ஒரு… விளம்பரம் மாதிரி வெச்சுக்கயேன்."

அவள் அவரைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஜாடியைத் திறந்து தானாகவே இன்னொரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். வெந்நீரில் போட்டால் அந்தப் பொடி வயிற்றைப் பிடிக்கும். வருத்தத்தோடு போட்டால் எலும்பைப் பிடிக்கும். இது மருந்துக்காரருக்கே தெரியாது.

அவள் இறங்க ஆரம்பித்தாள். முதலில் என்னிடம் ரெண்டு சட்டை வந்தது, பிடித்துத் தைத்தேன். அடுத்த வாரம் அதே சட்டை திரும்பி வந்தது. அதற்கடுத்து, பிடித்த இடத்தில் பிடிக்கத் துணி இல்லாமல் நடுவில் வெட்டி எடுத்தேன். மிச்சத்தில் எனக்கு ஒரு தலையணை உறை கிடைத்தது. பேக்கரிக்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கடையில் கூட்டம் நெரிந்தது. மருந்துக்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

அவள் அதோடு நிற்கவில்லை. தினமும் கரண்டி போட்டாள். படி சொல்வதை நிறுத்தியது. பிறகு கதவு. பிறகு ஜாடிகளும் வாயை மூடிக்கொண்டன. மருந்துக்காரர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார், நிமிர்ந்தால் அவள் எதிரே நிற்பாள். திடுக்கிடுவார்.

"எப்ப வந்தே?"

"அப்பவே."

ஒரு காலை அவள் என் கடைக்கு வந்தாள். வாசலில் உலர்ந்த இலைச்சருகு குவிந்திருந்தது. அதன்மேல் நடந்துதான் வந்தாள். ஒரு சருகும் முறியவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"நான் சிரிச்சு நீ பார்த்திருக்கியா?"

"ஓட்டு மேல காயப்போட்ட நெல்லிக்காய எடுத்துட்டு வந்தேன். ஏணி வெக்கல."

"சரி."

"ஏணி வெக்காம எடுத்தேன்னு சொல்றேண்ணே!"

"கேட்டுச்சு. இந்தச் சட்டைய இன்னும் புடிச்சா கை தூக்க வராது. மேல போறவளுக்குக் கை வேணும், பார்த்துக்க."

அவள் உட்கார்ந்தாள். என் ஸ்டூல் அவள் உட்கார்ந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மேலேருந்து பார்த்தா நம்ம தெரு எப்படி இருக்கு தெரியுமாண்ணே? ஒரு சத்தமும் வராது. பேக்கரிப் பொகை மட்டும் பக்கத்துல வந்து நின்னு, என்ன எப்படி இருக்கேன்னு கேக்கற மாதிரி நிக்குது. உங்க மண்டையில நடுவுல முடி இல்ல."

"அதச் சொல்லவா வந்தே?"

"இல்ல." குரல் இறங்கியது. "ஒரு நாள் காத்து வந்தா போயிடுவேன்னு தோணுது. பயமா இல்லண்ணே. அதுதான் பயமா இருக்கு."

இதற்கிடையில் பின்கட்டில் வேலை கெட்டுவிட்டது. அவள் மிதிமரத்தில் ஏறி நின்றால் மரம் அசையாது. கயிற்றைப் பிடித்துக் குதித்தாள். குதித்தவள் இறங்கவே நேரம் பிடித்தது. உலக்கை கொஞ்சம் எழும்பி, தொப் என்று விழுந்தது. பொடி நைசாக இல்லை, குருணையாக நின்றது. பேக்கரிக்காரம்மாதான் முதலில் சண்டைக்கு வந்தாள்.

"இது என்ன பொடியா, மணலா? தொண்டையில குத்துது. அத இறக்க நாலு பன் திங்க வேண்டியிருக்கு. மருந்து ஆரம்பிச்சதுலேருந்து ஒரு சுத்து பெருத்துட்டேன்!"

மருந்துக்காரர் தானே மிதித்துப் பார்த்தார். மரத்தின் ஒரு பக்கம் உலக்கை, மறுபக்கம் அவர். உலக்கைதான் அவரைத் தூக்கியது. அரவை மெஷினுக்குக் கொண்டுபோனார். மெஷின் சூட்டில் குக்குலுப் பிசின் உருகி மெஷினின் வாயையே அடைத்துவிட்டது. மெஷின்காரர் வீடு தேடி வந்து கத்திவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் தட்டு நிறையச் சோறு போட்டு மனைவி முன்னால் வைத்தார் மருந்துக்காரர்.

"சாப்பிடு. பழையபடி ஆகு."

"எதுக்கு?"

"உலக்கை எழும்ப மாட்டேங்குது, பார்க்கறேல்ல?"

"உலக்கைக்கா?"

"கடைக்குத்தாண்டி."

"குடின்னப்பவும் கடைக்கு. சாப்பிடுன்னப்பவும் கடைக்கு. எனக்குன்னு ஏதாவது இருந்தா சொல்லுங்க, கேக்கறேன்."

அவர் துணியை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் ஜாடியைத் திறந்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். சோறு அப்படியே ஆறியது.

காற்றுக்காலம் வந்தது. கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும் மத்தியானங்கள். கொடியில் காயும் துணிக்கும் அவளுக்கும் வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். ஒரு காலை மருந்துக்காரர் அவளுடைய பாவாடையைக் கையிலும், ஒரு பையைத் தோளிலும் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பையைக் கவிழ்த்தார். கடையின் இரும்பு எடைக்கற்கள், பெரிசிலிருந்து சிறிசு வரை.

"அண்ணே, இதையெல்லாம் பாவாடை ஓரத்துல சுத்தி வெச்சுத் தெச்சுக் குடுங்க."

"சரிதான். அப்ப நீ எதை வெச்சு எடை போடுவே?"

"அவ கடையிலதானே இருக்கப் போறா? வேணுங்கறப்ப எடுத்துக்கலாம். பட்டன் வெச்சுத் தெச்சிடுங்க."

இந்த யோசனை வேறு எந்தத் தொழில்காரனுக்கும் வந்திருக்காது. தைத்துக் கொடுத்தேன். ஓரம் முழுக்க வரிசையாகப் பைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன். அவள் அதைக் கட்டிக்கொண்டு தரையில் நின்றாள். மணிபோல் ஆடியபடி, சத்தமில்லாமல் நடந்தாள். யாராவது வந்து பொடி கேட்டால் மருந்துக்காரர் குனிந்து, மனைவியின் பாவாடை ஓரத்தில் ஒரு பட்டனைக் கழற்றிக் கல்லை எடுத்து, எடை போட்டுவிட்டுத் திரும்ப வைப்பார். அதுவரை அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். புதிதாக வந்தவர்கள் அது ஏதோ மரியாதை என்று நினைத்துத் தாங்களும் குனிந்தார்கள்.

ஜாடிகளை ஒழுங்குபடுத்தும்போது, பழைய பொடி நிறைந்த ஒரு பெரிய ஜாடி அலமாரியின் பின்னாலிருந்து கிடைத்தது. அவள் கனமாக மிதித்த காலத்துப் பொடி. மாவுபோல நைசு. செய்தி பேக்கரிக்குப் போன வேகத்தில் பேக்கரிக்காரம்மா வந்து நின்றாள்.

"முழுசையும் எனக்கே போடுங்க. வீட்ல எல்லாருக்கும் வேணும்."

மருந்துக்காரர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. தராசை மாட்டினார். குனிந்து ஒரு பட்டனைக் கழற்றினார். பொடியைக் கொட்டினார். போதவில்லை. இன்னொரு பட்டன். இன்னொன்று. வெளியே காற்று தெருவைப் பெருக்கிக்கொண்டு போனது.

"இன்னும் இருக்கே ஜாடியில, போடுங்க," என்றாள் பேக்கரிக்காரம்மா.

கடைசியில் ஒரே ஒரு சின்னக் கல் மிச்சம். அதையும் எடுத்தார். மருந்துக்காரம்மா மேஜையைப் பிடித்திருந்தாள். அவள் கால்கள் தரையை விட்டு எழும்பியிருந்தன. அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காற்று அவளைப் பிடுங்கவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவளாகத்தான் கையை எடுத்தாள்.

சோப்புக் குமிழ் போகிற மாதிரி போனாள். வாசல் வழியாக, பெயர்ப்பலகையைத் தாண்டி, மேலே.

"மருந்துக்காரரே! உங்க வீட்டுக்காரம்மா!" என்று அலறினாள் பேக்கரிக்காரம்மா.

"இருங்க, முள்ளு நிக்கட்டும்," என்றார் அவர்.

பிறகுதான் நிமிர்ந்தார். தராசைப் போட்டார். பொடி முழுக்கக் கொட்டி ஒரு மஞ்சள் மேகம் கிளம்பியது. அதற்குள்ளிருந்து இருமிக்கொண்டே ஓடிவந்து, ஒரு தாவு தாவி மனைவியின் கணுக்காலைப் பிடித்தார். வேறு யாராக இருந்தாலும் அவளைக் கீழே கொண்டுவந்திருப்பார்கள். இவர் பிடித்ததில் அவளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இருவரும் சேர்ந்து போனார்கள்.

நான் கித்தான் தைக்கிற தடித்த நூல்கண்டை எடுத்து, ஒரு முனையை மெஷின் சக்கரத்தில் சுற்றிவிட்டுக் கண்டை மேலே வீசினேன். மருந்துக்காரர் இடது கையால் பிடித்துக்கொண்டார். பள்ளியில் படிக்கும்போது அவர் நல்ல பந்து பிடிப்பவராக இருந்திருக்க வேண்டும். நூல் ஓடியது, நின்றது. அவர்கள் ஓட்டுக்கு மேலே, பேக்கரிப் புகைக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றார்கள்.

"இழுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"பொறுங்கண்ணே. பேசிக்கிட்டு இருக்கோம்," என்றாள் அவள்.

பொறுத்தேன். உயரத்தில் பேசுகிற பேச்சு கீழே நன்றாகவே கேட்கும். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"விட்டுடாதடி."

"நான் எங்கங்க புடிச்சேன், விடறதுக்கு? நீங்கதானே புடிச்சிருக்கீங்க."

"கீழ போயிடலாம்."

"எதுக்கு?"

மறுபடி அதே கேள்வி. உலக்கைக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே அப்பா என்று நான் சக்கரத்தைப் பிடித்தபடி நினைத்துக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. பேக்கரிப் புகை அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"சத்தம் இல்லாம இருக்க முடியல," என்றார்.

"உலக்கைச் சத்தமா?"

"நீ நடக்கற சத்தம். நீ படியேறி வந்தா வீடே சொல்லும். ஜாடியெல்லாம் பேசும். நான் என்ன வேலையா இருந்தாலும், அட, வந்துட்டாளேன்னு இருக்கும். இப்ப நீ வர்றதும் தெரியல, போறதும் தெரியல. இருக்கியா இருக்கியான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்தே வலிக்குது."

அவள் கீழே குனிந்து, தன் காலைப் பிடித்துத் தொங்குகிறவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவங்க சொன்னப்ப ஏன் சிரிச்சீங்க?"

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல."

"இப்பத் தெரியுமா?"

"தெரியும். சிரிக்க மாட்டேன்."

"இதையெல்லாம் கீழ இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமே?"

"கீழ இருந்தா தோண மாட்டேங்குதுடி."

அவள் சிரித்தாள். சிரித்ததில் இருவரும் கொஞ்சம் ஆடினார்கள்.

"அண்ணே! இழுங்க."

"வேகமாவா?"

"மெதுவா. இவர் நம்ம வீட்டு ஓட்ட இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. பார்த்துக்கட்டும்."

தையல்மெஷினைப் பின்னோக்கி மிதிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. நூல் சக்கரத்தில் சுற்றச் சுற்ற, வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து தெருவுக்கு இருவரும் இறங்கி வந்தார்கள். மருந்துக்காரர் தரையைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டார். கணுக்காலை மட்டும் விடவில்லை. பேக்கரிக்காரம்மா பேசாமல் பொடியைப் பெருக்கினாள்.

அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு மருந்துக்காரம்மா கரண்டியைத் தொடவில்லை. பேக்கரியிலிருந்து பன் வந்தது, காசு வாங்காமல் வந்தது. பிடித்த தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டேன். வெட்டி எடுத்த துணிக்காக என் தலையணை உறையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் ஜாடிகள் பேசின, பிறகு கதவு, கடைசியில் படி. ஆனால் பழைய அளவுக்கு வருமுன்பே ஒரு நாள், "போதும்ணே, இங்கயே நிறுத்திக்கறேன். இது என் அளவு," என்றாள். டேப்பை மடித்து வைத்தேன். உலக்கை முகட்டைத் தொடவில்லை, தொடப்போய்த் திரும்பியது. அதுவே பொடிக்குப் போதுமாக இருந்தது.

ஒரு புது வாடிக்கையாளர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "மிதிக்கறவங்களுக்கு இந்தப் பொடி குடுக்கறதில்லையா?" என்று ஆரம்பித்தார். மருந்துக்காரர் கட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பொடியை ஜாடியில் திரும்பக் கொட்டினார்.

"அடுத்தவங்க வாங்க," என்றார்.

காற்றுக்காலம் முடியுமுன் ஒரு காலை அவர் மறுபடி பையோடு என் கடைக்கு வந்தார். அதே எடைக்கற்கள். கடைக்கு பேட்டரித் தராசு வாங்கியிருந்தார். கையில் இருந்த துணி பாவாடை இல்லை, அவருடைய காற்சட்டை.

"ரெண்டு பக்கமும் பெரிய பையா வெச்சு, இதெல்லாம் கொள்ற மாதிரி தெச்சுக் குடுங்கண்ணே."

"உனக்கு எதுக்கு?"

அவர் தெருவைப் பார்த்தார், வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோதுகூட நேராகவே.

"அவளுக்கு மேல போறது புடிச்சிருக்கு. எப்பவாவது போகணும்னு தோணினா, கயித்தப் புடிக்கக் கீழ ஒரு ஆள் கனமா இருக்கணும்ல?"

பைக்கு இரட்டைத் தையல் போட்டேன். கூலி வாங்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், வாங்கினேன்.

வருத்தத்தோடு போடுகிற கரண்டி மாதக்கணக்கில் வேலை செய்யும். சந்தோஷத்தோடு போட்டால் ஒரு மத்தியானத்துக்குத்தான் தாங்கும். இதை மருந்துக்காரம்மாதான் கண்டுபிடித்தாள். காற்று அடிக்கிற மத்தியானங்களில் சில சமயம் உலக்கைச் சத்தம் நிற்கும். என் காலும் நிற்கும். எதிரே, உத்தரத்துக் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, இரண்டு பைகளும் முழங்கால்வரை இழுக்க, மருந்துக்காரர் வாசலில் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

"போதுமா?" என்பார்.

"இன்னும் கொஞ்சம்," என்று புகைக்குப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

அவர் கயிற்றை இன்னும் கொஞ்சம் விடுவார்.